ஆசிரியர்களின் மனநலத்துக்கு மூவாயிரம் வெள்ளி: எங்கிருந்து தொடங்குவது?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணம். கோயிலை ஒட்டிய மிஷன் பள்ளி. அங்கே துணைத் தலைமையாசிரியையாக இருப்பவர் கேட்டிருக்கிறார்: "இந்த ஆண்டு எங்கள் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் நீண்ட எம்.சி.யில் (மருத்துவ விடுப்பில்) போய்விட்டார்கள். இன்னொருவர் ஐம்பது வயதிலேயே ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கியிருக்கிறது. தலைமையாசிரியர் ஸூம்பா நடனப் பயிற்சி வைக்கலாம் என்கிறார், ஃபாதர் ஒருநாள் தியானம் என்கிறார். எது நல்லது? கத்தோலிக்கப் பள்ளி என்பதால் நாங்கள் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?"

டீச்சர், ஸூம்பாவும் வைக்கலாம், தியானமும் வைக்கலாம். தப்பில்லை. ஆனால் இரண்டையும் வரிசையில் கடைசிக்குத் தள்ளுங்கள். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் இருபத்தெட்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். அதில் கடைசிப் பதினைந்து வருஷம் கவுன்சிலிங் ஆசிரியர். ஏன் கடைசி என்பதை என் அப்பாவின் தொழிலை வைத்துத்தான் எனக்கு விளக்கத் தெரியும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். ஒரு மரத்தை இன்றைக்கு வெட்டினால் நாளைக்குத் தொடமாட்டார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வெட்டு. விலை ஏறும் நாளில் சிலருக்குக் கை பரபரக்கும், தினமும் வெட்டுவார்கள். இல்லையென்றால் பட்டையில் மருந்து பூசுவார்கள், பால் கூடுதலாக இறங்கும். கொஞ்ச காலம் வாளி நிறையும். அப்புறம் ஒரு நாள் கோடு போட்டால் பால் கசியாது. பட்டை உலர்ந்து பழுப்பேறிக் கிடக்கும். மரம் உயிரோடுதான் நிற்கும், இலையும் துளிர்க்கும். பால் மட்டும் இருக்காது. அந்த மரத்துக்கு மறுபடி மருந்து பூசினால் தோட்டத்துச் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். வெட்டை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஓய்ந்துபோன ஆசிரியர்களைச் சனிக்கிழமை காலையில் வரவழைத்து, வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி, ஸூம்பா ஆடவிட்டுப் படம் பிடித்து மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புகிறோமே, அது மருந்து பூசுகிற வேலை. வெட்டு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறது. ஆனால் அதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீடித்த அழுத்தத்தைச் சரியாகக் கையாளாமல் விட்டதால் வரும் நிலை என்றுதான் விளக்கம். தெம்பு வற்றுவது, வேலை மீது வெறுப்பும் விலகலும் வருவது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகாது என்று தோன்றுவது என மூன்று அடையாளம் சொல்கிறார்கள். ஆசிரியர் அறையில் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. முன்பு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் சொன்னவர் இப்போது "அந்தக் கடைசி வகுப்புக் கும்பல்" என்கிறார். கூட்டத்தில் எதிர்த்துப் பேசியவர் எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்கிறார். எனக்கு இந்த இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம். சண்டை போடுகிறவருக்கு இன்னும் நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

மனச்சோர்வு நோய் இதிலிருந்து வேறு. பள்ளி விடுமுறை வந்தாலும் அது விடாது. தூக்கம், பசி, பிடித்த காரியத்தில் இருந்த ஆசை எல்லாம் வாரக்கணக்கில் போய்விடும். 2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பதினாறு வயதைத் தாண்டியவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழப் பத்து லட்சம் பேருக்கு, மனச்சோர்வு இருக்கிறது. அதற்கு டாக்டரும் சிகிச்சையும் வேண்டும். நல்ல வேலை ஏற்பாடு அதைத் தனியாகக் குணமாக்காது. ஆனால் மோசமான வேலை ஏற்பாடு அதைக் கிளப்பிவிடும், வந்ததை மோசமாக்கவும் செய்யும்.

சரி, வெட்டுக்கு வருவோம். நாள் பாடத்திட்டம், வகுப்புசார் மதிப்பீடு, இணையத்தில் பதியும் தரவு, புறப்பாட அறிக்கை, நிதி திரட்டும் நாள், கோயில் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது, வராத ஆசிரியருக்குப் பதிலாக எடுக்கும் ரிலீஃப் வகுப்பு. இதில் எதைப் பற்றிக் கேட்டாலும் "மேலிடத்து உத்தரவு" என்பார்கள். பாதிதான் உண்மை. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பாடத்திட்டத்தை இணையத்தில் ஏற்றிய பிறகும் அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று விதி. ஏழெட்டு வருஷம் வைத்தோம். ஒரு நாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியிடம் நான் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "இதை யார் கேட்டது உங்களிடம்?" என்றார் அவர். எப்போதோ ஒரு தலைமையாசிரியர் பயத்தில் தொடங்கியது, அவர் மாற்றலாகிப் போன பிறகும் தொடர்ந்திருக்கிறது! 2023-இல் கல்வியமைச்சே ஆசிரியர் பணிச்சுமையைக் குறைக்க ஏழு நடவடிக்கைகளை அறிவித்தது. மேலே குறைத்ததை நாம் கீழே கூட்டிவிடாமல் இருந்தாலே பெரிய உதவி.

ஆகவே முதல் வேலையாக ஒரு மாதம் எடுத்துக்கொண்டு, ஆசிரியர்களிடம் பெயர் எழுதாத தாளில் ஒரே கேள்வி கேளுங்கள்: நீங்கள் செய்கிற வேலைகளில் யாருமே படிக்காத, யாருக்குமே பயன்படாத வேலை எது? தாள்களை நீங்களும் தலைமையாசிரியரும் உட்கார்ந்து படியுங்கள். இரண்டு வேலையையாவது அந்த மாதமே நிறுத்திவிட்டுச் சபைகூடலில், எல்லார் முன்னிலையிலும், நிறுத்திவிட்டோம் என்று அறிவியுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் விடுவது கேட்காததைவிட மோசம். அடுத்த தடவை வெள்ளைத் தாள்தான் திரும்பி வரும். வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரு நேரம் வையுங்கள். இரவு பத்தரைக்கு "நாளை காலை ஏழு மணிக்குள் அனுப்பவும்" என்று வருகிற செய்தி, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்க விடியுமுன் அடித்த பெரட்டுச் சத்தத்தைவிடக் கொடுமை. பெரட்டுக்காவது ஒரு நேரம் இருந்தது.

ரிலீஃப் வகுப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பள்ளியில் இருவர் விடுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாடங்களை இப்போது யார் சுமக்கிறார்களோ அவர்கள்தான் அடுத்து விழப் போகிறவர்கள். எம்.சி.யில் போனவர் மீது எரிச்சலும் அங்கிருந்துதான் பிறக்கும்: "அவருக்கென்ன, வீட்டில் படுத்திருக்கிறார்." பெரும்பாலும் மறுத்துப் பேசத் தெரியாத இளம் ஆசிரியைகள் தலையில்தான் ரிலீஃப் விழும். அட்டவணையை எடுத்து மூன்று மாதக் கணக்கைக் கூட்டிப் பாருங்கள். எண்களைப் பார்த்தால் உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

கத்தோலிக்கப் பள்ளி என்பதால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்லத் தோன்றுகிறது.

1852-இல், பள்ளி நடத்தும் கத்தோலிக்கத் துறவிகளான லா சால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைச் சகோதரிகளும் பினாங்கில் வந்திறங்கினார்கள். அந்தச் சகோதரிகளும் சகோதரர்களும் மடத்தில் வாழ்ந்தார்கள். சமைக்க ஆள் உண்டு, செபத்துக்கு மணி உண்டு, பேசாமல் இருக்கவும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சோர்ந்தால் தாங்கச் சபை இருந்தது. இன்றைக்கு அதே வளாகத்தில் பாடம் நடத்துகிற ஆசிரியை அரசாங்கச் சம்பளக்காரர். 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு மிஷன் பள்ளிகள் அரசு உதவி பெறும் பள்ளிகளாகிவிட்டன. நிலம் மிஷனுக்கு, சம்பளம் அரசாங்கத்திடமிருந்து. அவர் வீட்டுக்குப் போனதும் அரிசி கழுவ வேண்டும், மாமியாருக்கு மாத்திரை எடுத்துத் தர வேண்டும், பிள்ளையை டியூஷனுக்கு ஏற்ற வேண்டும். அவரிடம் போய் "இது வேலை இல்லை டீச்சர், தேவ அழைத்தல்" என்று சொன்னால், மடத்துத் தியாகத்தைக் கேட்கிறோம், மடத்தின் ஆதரவைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். தியாகம் என்ற சொல்லை நிர்வாகம் பயன்படுத்தவே கூடாது என்பது என் கட்சி. அதைச் செய்கிறவர் சொல்லிக்கொள்ளலாம். வேலை வாங்குகிறவர் சொன்னால் கங்காணியின் சொல் ஆகிவிடும்.

திருச்சபையின் மரபும் இதைத்தான் சொல்கிறது. தொழிலாளருக்கு ஓய்வு உரிமை, அவர்கள் சக்திக்கு மீறி வேலை வாங்குவது அநீதி என்று திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இலேயே எழுதிவிட்டார். விவிலியத்திலும் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, காலையிலிருந்து மாலைவரை தனியாளாக எல்லா வழக்கையும் கேட்டுக்கொண்டிருந்த மோசேயைப் பார்த்து அவருடைய மாமனார், நீ செய்வது சரியில்லை, நீயும் களைத்துப்போவாய் மக்களும் களைத்துப்போவார்கள், ஆட்களைப் பார்த்துப் பொறுப்பைப் பிரித்துக்கொடு என்று அறிவுரை சொல்கிற இடம். உங்கள் தலைமையாசிரியருக்கு இதை ஃபாதர் வழியாகச் சொல்லலாம், கோபம் வராது. இன்னொன்று இறைவாக்கினர் எலியா. ஊரைவிட்டு ஓடி, ஒரு செடியின் நிழலில் படுத்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். வானதூதர் வந்து புத்திமதி சொல்லவில்லை. ரொட்டியும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். இரண்டாவது தடவையும் எழுப்பிச் சாப்பாடுதான்! பேச்செல்லாம் பிறகு, மலைக்குப் போன பின்னால். இந்த வரிசையை மாற்றாத ஃபாதர் கிடைத்தால் அந்தப் பள்ளி அதிர்ஷ்டம் செய்தது.

ஆனால் சின்னப் பட்டணத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும். ரகசியம். கவுன்சிலிங் ஆசிரியர் ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்கிறார். கிளினிக் கவுண்டரில் இருப்பவர் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் சித்தி. ஃபாதர் பள்ளி நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது வெளியே போகாது என்று நம் மக்களுக்குத் தெரியும். ஆனால் கோயிலின் பங்கு அலுவலகத்தில் காப்பி குடித்துக்கொண்டு சொன்னது தலைமையாசிரியர் காதுக்குப் போகுமா போகாதா? இதை ஃபாதரே ஆசிரியர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: என்னிடம் தனியாகச் சொல்வதை நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுபோக மாட்டேன், உயிருக்கு ஆபத்து என்று பட்டால் மட்டும் உங்களுக்குத் தெரிந்தே உதவி தேடுவேன் என்று. ஒரு நிமிஷப் பேச்சு. ஒருநாள் தியானத்தைவிட அது அதிகம் வேலை செய்யும்.

கவுன்சிலிங் ஆசிரியரைப் பற்றியும் ஒரு சொல். நான் அந்த நாற்காலியில் இருந்தவன். சக ஆசிரியர்கள் என்னிடம் வந்தார்கள், நானும் கேட்டேன். அது தப்பு என்று பின்னால்தான் புரிந்தது. காலையில் ஒருவரின் குடும்பக் கதையைக் கேட்டுவிட்டு மதியம் அவரோடு தேர்வுக் கமிட்டியில் வாதாட முடியாது. முதல் ஆளாகக் கேட்கலாம், தே தாரிக் வாங்கிக் கொடுக்கலாம், வழி காட்டலாம். தொடர்ந்து ஆலோசனை தருவதற்கு வெளியாள்தான் வேண்டும். ஆலோசகர்களுக்கென்று 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன்படி பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் போக வேண்டும். அரசாங்க கிளினிக்கில் முதலில் பார்க்கலாம். அடுத்த ஊர் கிளினிக் என்றால் இன்னும் நிம்மதி. அங்கிருந்து தேவைப்பட்டால் ஈப்போ ஆஸ்பத்திரிக்கோ, சமூக மனநல மையமான மெந்தாரிக்கோ அனுப்புவார்கள். யாரையும் நேரில் பார்க்க மனமில்லாதவர்களுக்குச் சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555 இருக்கிறது. மனம்விட்டுப் பேசுவதற்கான பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929, நாள் முழுவதும். இந்த இரண்டு எண்களையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள், யாரும் அங்கே நின்று குறித்துக்கொள்ள மாட்டார்கள். கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்.

நம் வட்டாரத்தில் வெட்கத்துக்கு ஒரு ஊர்ப்பெயரே உண்டு. "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் போகணும்" என்று ஆசிரியர் அறையில் நானும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். 1911-இல் தொடங்கிய அந்த மனநல ஆஸ்பத்திரி சுங்கை சிப்புட்டுக்குப் பக்கம்தான். ஒரு முறை நான் அப்படிச் சொல்லிச் சிரித்தபோது எதிரில் இருந்தவரின் அண்ணன் அங்கே ஐந்து வருஷமாகச் சிகிச்சையில் இருந்திருக்கிறார். அவர் என்னிடம் அதைச் சொல்லப் பதினொரு வருஷம் ஆனது. உங்கள் பள்ளியில் எந்த நிகழ்ச்சி வைத்தாலும் வைக்காவிட்டாலும், மேலே இருப்பவர்கள் இந்த நக்கலை நிறுத்திவிடுங்கள். நம் மரபிலேயே இதற்கு மாற்று உண்டு: மனநோயாளிகளின் பாதுகாவலியான புனித டிம்ப்னாவின் ஊர், பெல்ஜியத்தில் உள்ள கீல். அங்கே பல நூற்றாண்டுகளாக ஊர்க்குடும்பங்கள் மனநோயாளிகளைத் தங்கள் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வாழ்கிறார்கள்.

மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் மூன்றையும் அளக்கிற இருபத்தொரு கேள்வி கொண்ட டாஸ் படிவத்தை எல்லாருக்கும் கொடுத்துவிடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். அது சல்லடை மாதிரி, நோயை உறுதி செய்யாது. ஆசிரியர்கள் தாங்களே செய்து தாங்களே வைத்துக்கொள்ளட்டும். பெயரோடு தாள்களை வாங்கி அலுவலக அலமாரியில் வைத்தால் அடுத்த தடவை எல்லாரும் "நலம்" என்றே நிரப்புவார்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிச் சுருக்கமாக, ஆனால் தெளிவாகச் சொல்கிறேன். ஒருவர் பேச்சில் "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்ற தொனி வந்தால் நேராகக் கேளுங்கள்: சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? கேட்பதால் எண்ணம் புதிதாக வராது. கேட்டுவிட்டுத் தனியாக விட்டுப் போகாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பழைய பயம் இருக்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. கோயிலில் அடக்கப் பூசை கிடைக்காது என்ற பயமும் இன்னும் லயத்து வீட்டுக் கிழவிகளிடம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனவேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும்தான் திருச்சபையின் மறைக்கல்வி நூல் சொல்கிறது. இதை ஃபாதர் ஒரு ஞாயிறு மறையுரையில் சொன்னால் பள்ளிக்கு வெளியேயும் பலருக்கு மூச்சு வரும்.

எம்.சி. முடிந்து அந்த இருவரும் திரும்பி வருவார்கள். அந்த முதல் வாரத்தை இப்போதே யோசியுங்கள். வருவதற்கு முன்பு நீங்கள் தொலைபேசியில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மற்றவர்களிடம் என்ன சொல்லட்டும், எதைச் சொல்லாமல் இருக்கட்டும்? அவர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை போகக் கூடாது. வந்த அன்று ஆரத்தி எடுக்கவும் வேண்டாம், ஒதுங்கிப் போகவும் வேண்டாம். "ரொம்ப மெலிஞ்சிட்டீங்களே" என்று யாராவது தொடங்கினால் பேச்சை மாற்றிவிடுங்கள். புறப்பாடப் பொறுப்பை ஒரு தவணைக்கு எடுத்துவிடுங்கள், ஆனால் அவருக்குப் பிடித்த வகுப்பை எடுத்துவிடாதீர்கள். நான் அறிந்த ஒருவரிடமிருந்து இரக்கத்தின் பெயரால் எல்லாவற்றையும் பிடுங்கி நூலகத்தில் உட்கார வைத்தார்கள். அவர் மறுபடி விடுப்பில் போனார், திரும்பவே இல்லை.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் 2022-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் பதின்ம வயது மாணவர்களில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு அறிகுறி தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பது வகுப்பாசிரியரிடம். அப்பாவின் குடியையும் அம்மாவின் அடியையும் கேட்டுவிட்டு அடுத்த மணிக்கு அவர் பின்னக் கணக்கு நடத்தப் போகிறார். அப்படிப்பட்ட நாளில் அவருக்கு இருபது நிமிஷம் கொடுக்க, அவர் வகுப்பில் போய் நிற்க ஒருவர் தயாராக இருந்தால் போதும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

இனி மூவாயிரம் வெள்ளி. காலியாகக் கிடக்கிற ஒரு சிறிய அறைக்குக் கதவும் திரையும் மின்விசிறியும் போடுங்கள், யாரும் யாரையும் கேட்காமல் பத்து நிமிஷம் உட்கார. மிச்சத்தில் பெரும்பகுதியை ஈப்போவிலுள்ள பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரிடம் சில மணி நேரங்களாக வாங்கி வைத்துவிடுங்கள்; ஆசிரியர்கள் தாங்களே அழைத்துப் பேசட்டும், பள்ளிக்கு எண்ணிக்கை மட்டும் வரட்டும், பெயர் வரக் கூடாது. தியானம் வைத்தால் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும். உங்கள் ஆசிரியர்களில் இந்துக்கள் இருப்பார்கள், முஸ்லிம்கள் இருப்பார்கள். வராதவர் பெயரை யாரும் குறிக்கக் கூடாது, அவர்களுக்கும் அதே அரைநாள் ஓய்வு வேண்டும்.

நாள் பார்ப்பதென்றால் மே 15 நல்லது. 1950-இல் அந்த நாளில்தான் திருத்தந்தை 12-ஆம் பயஸ், லா சால் சகோதரர்களின் சபையை நிறுவிய புனிதர் லா சால் அவர்களை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். மறுநாள் 16, நம் ஆசிரியர் தினம். வழக்கமாக அந்த வாரம் முழுக்க ஆசிரியர்களே தங்கள் விழாவுக்குத் தோரணம் கட்டி, நடனம் பழகி, நாற்காலி அடுக்கிக் களைத்துப்போவார்கள். இந்த ஆண்டு அதைப் பெற்றோர் சங்கத்திடம் விட்டுவிடுங்கள். கோழிக் குழம்பும் அவர்களே வைக்கட்டும்.